புறப்பட்ட நூறும் வந்து சேர்ந்த எண்பத்தைந்தும்

காரின் விற்பனைக் கையேட்டில் 100 பி.எச்.பி. என்று அச்சிட்டிருக்கிறது. அதே காரைப் பட்டறையில் ரோலர் மேல் ஏற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து அளந்தால் திரையில் 85 என்று வருகிறது. வண்டிக்காரர் கலங்கிப்போகிறார். அவரைத் தேற்றப் பட்டறைக்காரரிடம் ஒரு வாய்பாடு தயாராக இருக்கிறது. கையால் கியர் மாற்றும் வண்டியில் 15 சதவீதம் வழியிலேயே போய்விடும். ஆட்டோமேட்டிக் என்றால் 20. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் 25. ஆகவே சக்கரத்தில் கிடைத்த 85-ஐ 0.85-ஆல் வகுத்தால் 100. கணக்கு நேராகிவிட்டது, எஞ்சின் நலமாக இருக்கிறது.

உலகம் முழுக்கப் புழங்கும் இந்த வாய்பாட்டை எளிய கணக்கு ஒன்றே அசைத்துவிடும். 100 குதிரைத்திறன் என்பது சுமார் 75 கிலோவாட். அதில் 15 சதவீதம் 11 கிலோவாட். வீட்டு இஸ்திரிப் பெட்டி ஏறக்குறைய 1 கிலோவாட் இழுக்கும். ஆற்றல் எங்கும் மாயமாவதில்லை; உராய்வில் இழந்தது வெப்பமாகத்தான் வெளிவர வேண்டும். அப்படியானால் 11 இஸ்திரிப் பெட்டிகளை ஒன்றாகச் சூடேற்றியது போன்ற வெப்பம், இரண்டு மூன்று லிட்டர் எண்ணெய் மட்டுமே உள்ள ஒரு கியர்பாக்ஸில் பிறக்க வேண்டும். சாதாரணக் காரின் கையியக்க கியர்பாக்ஸுக்கு ரேடியேட்டரும் கிடையாது, காற்றாடியும் கிடையாது. வண்டி ஓடும்போது மேலே படும் காற்றில்தான் அது ஆற வேண்டும். இவ்வளவு வெப்பம் உண்மையிலேயே அங்கே பிறக்கிறதா?

இந்தக் கேள்வியோடு தேடப் புகுந்தால், 15 என்ற எண் இரண்டு பக்கமும் தவறு என்பது தெரியவரும். எஞ்சின் முழுத் திறனில் உழைக்கும்போது உண்மையான இழப்பு அதைவிடக் குறைவு. நாம் அன்றாடம் ஊருக்குள் ஓட்டும்போதோ அதைவிட அதிகம். காரணத்தைப் புரிந்துகொள்ள, திறன் புறப்படும் இடத்திலிருந்து சக்கரம் வரை நடந்து பார்க்க வேண்டும்.

எந்த நூறு?

முதலில் அந்த 100 எங்கே அளக்கப்பட்டது? பி.எச்.பி. என்பதில் உள்ள முதல் ‘பி’ பிரேக்கைக் குறிக்கிறது. 1821-இல் பிரான்ஸின் காஸ்பார் டி ப்ரோனி, சுழலும் தண்டை மரக்கட்டைகளால் கவ்விப் பிடித்து, அந்தப் பிடியைத் தாங்க வேண்டிய விசையைக் கொண்டு திறனை அளக்க வழி கண்டார். பிறகு பிரிட்டனில் வில்லியம் ஃப்ரூட், கப்பல் எஞ்சின்களுக்காக மரக்கட்டையின் இடத்தில் நீரை வைத்தார். இன்றைய எஞ்சின் சோதனைமேடையும் அதே வழியில் வந்ததுதான். எஞ்சினின் வெளித்தண்டைப் பிடித்து நிறுத்தி, அது எவ்வளவு முறுக்குகிறது என்று பார்க்கிறார்கள். ஆக, கையேட்டிலுள்ள 100 என்பது கிளட்ச், கியர்பாக்ஸ் எதுவும் குறுக்கிடுவதற்கு முன்பே எடுத்த அளவு.

எஞ்சின் மேடையில் எதையெல்லாம் பூட்டி அளப்பது என்பதும் எண்ணை மாற்றும். 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் ‘மொத்தத் திறன்’ என்ற அளவை விளம்பரம் செய்தன. ஆல்டர்னேட்டரோ காரின் சொந்த சைலன்சரோ இல்லாத வெற்று எஞ்சினின் அளவு அது. 1972-இலிருந்து, காரில் உள்ளபடியே எல்லாவற்றையும் பூட்டி எடுக்கும் ‘நிகரத் திறன்’ வந்தது. காடிலாக் எல்டொராடோவின் 8.2 லிட்டர் எஞ்சின் 1971-இல் 365 குதிரைத்திறன், 1972-இல் 235. அந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு அளக்கும் முறை மாறியதால் வந்தது. எஞ்சினை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே எண் இவ்வளவு ஆட்டம் காட்டுமானால், சக்கரத்தில் நின்று பின்னோக்கி வகுத்து ‘உண்மையான’ எஞ்சின் திறனைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்புவதில் கவனம் தேவை.

வழியில் நிற்பவை

எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கிளட்ச், கியர்பாக்ஸ், தண்டுகள், டிஃபரென்ஷியல், ஆக்சில், சக்கர பேரிங் ஆகியவை நிற்கின்றன. இந்தத் தொடரைக் கடத்தமைப்பு என்று அழைப்போம். இந்தியச் சாலைகளில் இதன் இரு பெரும் வடிவங்களைக் காட்ட இரண்டு கார்கள் போதும்: அம்பாசிடர், மாருதி 800.

அம்பாசிடரில் எஞ்சின் முன்னால், இழுக்கும் சக்கரங்கள் பின்னால். நடுவே தரைக்கடியில் நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடுகிறது. வண்டியின் நீளவாக்கில் சுழன்று வரும் திறனைப் பின் ஆக்சிலில் செங்கோணமாகத் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பத்தைச் செய்வது நம் மெக்கானிக்குகள் ‘கிரவுன் பினியன்’ என்று சொல்லும் இணை. பினியன் கிரவுன் சக்கரத்தின் மையத்துக்கு நேராக அமையாமல் சற்றுக் கீழே தள்ளி அமையும் வடிவத்தை ஹைபாய்டு என்பார்கள். அமெரிக்காவின் க்ளீசன் நிறுவனம் 1920களில் உருவாக்கிய இந்த வடிவம் புரொப்பெல்லர் ஷாஃப்டைத் தாழ்த்தியது. காரின் தரையும் தாழ்ந்தது. பற்களின் பிடிப்பு வலுத்து ஓசை அடங்கியது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சாதாரணப் பற்சக்கரங்களில் பல்லின் மேல் பல் பெரும்பாலும் உருண்டு விலகும். ஹைபாய்டில் அது நீளவாக்கில் வழுக்கிக்கொண்டே போகும். வழுக்கினால் உராய்வு, உராய்ந்தால் சூடு. அதனால்தான் அதற்கு மிகையழுத்தம் தாங்கும் தனிவகை கியர் ஆயில் வேண்டியிருக்கிறது. நல்ல ஹெலிக்கல் பற்சக்கர இணை ஒன்று தன்னிடம் வரும் திறனில் 98 முதல் 99 சதவீதத்தைக் கடத்திவிடும். ஹைபாய்டு இணை பெரும்பாலும் 93-க்கும் 97-க்கும் நடுவில் நிற்கும்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் எஞ்சின் குறுக்குவாக்கில் கிடந்தது. அதன் தண்டும் முன் சக்கரங்களின் அச்சும் ஒன்றுக்கொன்று இணை. திறனைச் செங்கோணமாகத் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. ஆகவே கிரவுன் பினியன் இல்லை. கியர்பாக்ஸில் ஓர் இணை, இறுதி இறக்கத்தில் ஓர் இணை, பிறகு சக்கரத்துக்குப் போகும் இரண்டு தண்டுகள், அவ்வளவே. ஒவ்வோர் இணையும் 98.5 சதவீதம் கடத்தினால் இரண்டையும் தாண்டி 97 கிடைக்கும். பின்புறம் இழுக்கும் காரில் இரண்டாவது, மூன்றாவது கியர்களில் கியர்பாக்ஸுக்குள் இரண்டு இணைகளையும் அதன்பின் ஹைபாய்டையும் கடக்க வேண்டும். 98.5, 98.5, 96 என்று பெருக்கினால் மிஞ்சுவது 93.

ஆனால் பழைய நான்கு கியர் அம்பாசிடருக்கும் ஒரு சலுகை உண்டு. நான்காவது கியரில் உள்ளே வரும் தண்டும் வெளியே போகும் தண்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். திறன் எந்தப் பல்லையும் தொடாமல் கியர்பாக்ஸைக் கடந்துவிடும். இந்த நேர் இணைப்பு லூயி ரெனோ 1890களின் இறுதியில் கொண்டுவந்த உத்தி. எந்த கியரில் ஓட்டி அளந்தீர்கள் என்று கேட்காமல் ஒரு காரின் இழப்பைப் பேச முடியாது என்பதற்கு இதுவே சான்று. ஒரே கார், ஒரே எஞ்சின்; கியரை மாற்றினால் இழப்பும் மாறிவிடுகிறது.

இரண்டு இயல்பு

இதுவரை சொன்னது பாதிக் கதைதான். பற்கள் ஒன்றையொன்று அழுத்தும்போது வரும் உராய்வு, கடத்தும் சுமையோடு ஏறி இறங்கும். சுமை இரட்டித்தால் இழப்பும் ஏறத்தாழ இரட்டிக்கும். இதைச் சதவீதத்தில் சொல்வது நியாயம். ஆனால் கியர்பாக்ஸில் இன்னொரு வகை இழப்பும் இருக்கிறது. பற்சக்கரங்கள் பாதி மூழ்கிய நிலையில் எண்ணெயைக் கடைந்துகொண்டே சுழல்கின்றன. ஆயில் சீல்களின் உதடுகள் தண்டைத் தேய்த்துக்கொண்டிருக்கின்றன. பேரிங்குகள் தங்களுக்குள் இட்டு வைத்த இறுக்கத்தோடு சுற்றுகின்றன. இவற்றுக்கெல்லாம் எஞ்சின் எவ்வளவு திறனை அனுப்புகிறது என்பது பொருட்டில்லை. எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பவைதான் பொருட்டு. மத்தை வெறும் தயிரில் சுழற்றினாலும் கை வலிக்கத்தான் செய்யும். வெண்ணெய் திரண்டதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை.

இந்த இரண்டையும் கூட்டினால் என்ன ஆகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை; ஆனால் இயல்பான வரம்புக்குள் உள்ளவை. ஒரு கார் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடுகிறது. கடைவதற்கும் தேய்வதற்கும் 1.5 கிலோவாட் போகிறது. பல் உராய்வு, கடத்தும் திறனில் 4 சதவீதம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சின் 40 கிலோவாட் தருகிறது என்று கொள்வோம். மொத்த இழப்பு 1.5-உம் 1.6-உம் சேர்ந்து 3.1 கிலோவாட், 8 சதவீதம்கூட இல்லை. அதே கியரில், அதே வேகத்தில், சமதரையில் வெறுமனே ஓடிக்கொண்டிருக்க 8 கிலோவாட் போதும் என்றால், இழப்பு 1.5-உம் 0.32-உம் சேர்ந்து 1.82. அது கிட்டத்தட்ட 23 சதவீதம்! காரில் எதுவும் மாறவில்லை. மிதித்த காலின் அழுத்தம் மட்டுமே மாறியது.

பட்டறை வாய்பாட்டின் அடிப்படைப் பிழை இங்கேதான் இருக்கிறது. அது எல்லா இழப்பையும் சுமையோடு வளரும் ஒன்றாகக் கொள்கிறது. எஞ்சினை மாற்றியமைத்து 100 குதிரைத்திறனை 200 ஆக்கினால், வாய்பாட்டின்படி இழப்பும் 15-இலிருந்து 30 ஆக வேண்டும். எண்ணெயைக் கடைவதில் போகும் திறனும் சீல் தேய்வதில் போகும் திறனும் ஏன் இரட்டிக்க வேண்டும்? அவற்றின் வேகம் மாறவே இல்லையே. திறன் ஏற ஏற இழப்பின் சதவீதம் இறங்கத்தான் வேண்டும். சக்கரத்தில் வந்த எண்ணை 0.85-ஆல் வகுக்கும்போது, எஞ்சின் தராத திறனை அதற்குச் சேர்த்து எழுதுகிறோம்.

எண்ணெயின் வெப்பநிலையையும் மறந்துவிடக் கூடாது. 75டபிள்யூ-90 என்ற பொதுவான கியர் ஆயிலின் பாகுநிலை 100 பாகை செல்சியஸில் 15 சென்டிஸ்டோக்ஸ் அளவில் இருக்கும். 40 பாகையில் அது 100-ஐ ஒட்டி இருக்கும். ஆறேழு மடங்கு வேறுபாடு. காலையில் எடுத்தவுடன் ரோலரில் ஏற்றிய காருக்கும், அரைமணி நேரம் ஓட்டிவிட்டு ஏற்றிய காருக்கும் எண் வேறாக வருவதில் வியப்பில்லை.

ரோலர் சொல்வதும் சொல்லாததும்

இப்போது அந்த 11 கிலோவாட்டுக்குத் திரும்புவோம். ரோலரில் குறைந்தது முழுவதும் கடத்தமைப்பு தின்றதா?

முதல் பங்காளி டயர். தட்டையான சாலையில் டயர் லேசாக அமுங்கி நிமிர்கிறது. வளைந்த உருளையின் மேல் அது இன்னும் ஆழமாக அமுங்க வேண்டியிருக்கிறது. டயரின் உருளல் தடையை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 28580 தரநிலை, உருளையின் விட்டத்தைப் பொறுத்து முடிவைத் திருத்தி 2 மீட்டர் உருளைக்கு ஒப்பாக்கச் சொல்வது இதனால்தான். முன் அச்சில் 600 கிலோ இருக்கும் காரின் தடைக்கெழு ரோலரில் 0.015 என்று கொண்டால், தடை விசை ஏறத்தாழ 88 நியூட்டன். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 3 கிலோவாட். காற்று குறைந்த டயர், காரை இறுக்கிக் கட்டிய பட்டைகள் எல்லாம் இதை மேலும் ஏற்றும். இது கியர்பாக்ஸின் குற்றமாகாது.

இரண்டாம் பங்காளி நிலைமம். பெரும்பாலான பட்டறை அளவுமானிகளில் கார் ஒரு கனமான உருளையை வேகமெடுக்க வைக்கிறது. எவ்வளவு விரைவாக வேகமெடுத்தது என்பதிலிருந்து திறன் கணக்கிடப்படுகிறது. அப்போது உருளை மட்டும் வேகமெடுப்பதில்லை. எஞ்சினின் ஃப்ளைவீல், கிளட்ச், தண்டுகள், சக்கரங்கள் எல்லாமே வேகமெடுக்கின்றன. எஞ்சின் சுழல்பகுதியின் நிலைமத் திருப்புத்திறன் 0.15 கிலோகிராம்–சதுரமீட்டர் என்றும், 2,000 சுற்றிலிருந்து 6,000 சுற்றுக்கு அது 12 நொடியில் ஏறுகிறது என்றும் கொள்வோம். உச்சியில் அதைச் சுழற்றி ஏற்றவே 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல் தேவை. அந்த ஆற்றல் வெப்பமாகவில்லை. ஃப்ளைவீலில் சேமிப்பாக நிற்கிறது. கனமான அலாய் சக்கரம் மாட்டினால் ரோலர் எண் குறைவதும், லேசான ஃப்ளைவீல் மாட்டினால் கூடுவதும் இதனால்தான். எஞ்சினின் திறன் இரண்டிலும் மாறவில்லை.

ஆக, கணக்கு இப்படி ஆகிறது. டயருக்கு 3, நிலைமத்துக்கு 3. மிச்சமுள்ள 5 கிலோவாட்டே கடத்தமைப்பின் உண்மையான இழப்பு. 75-இல் 5 என்பது 7 சதவீதத்தை ஒட்டியது. முன்சக்கரம் இழுக்கும் காரில் பற்சக்கர இணைகளையும் கடைதலையும் கூட்டிப் பார்த்தாலும் இதே அளவில்தான் வந்து நிற்கும். 11 இஸ்திரிப் பெட்டிகளில் ஆறு கியர்பாக்ஸுக்கு வெளியே இருந்திருக்கின்றன.

சில நவீன அளவுமானிகள் இழப்பை நேரடியாக அளப்பதாகச் சொல்கின்றன. உச்ச வேகம் எட்டியதும் கிளட்சை மிதித்துவிட்டு, சக்கரங்கள் தாமாக ஓய்வதைப் பார்த்து, எவ்வளவு இழுவை இருக்கிறது என்று கணக்கிட்டுச் சக்கரத் திறனோடு கூட்டிவிடுகின்றன. பட்டறை வாய்பாட்டைவிட இது நேர்மையான வழி. ஆனால் ஓயும்போது பற்களின் மேல் எஞ்சினின் சுமை இல்லை. டயரையும் கடைதலையும் இம்முறை பிடித்துவிடும். சுமையால் வரும் உராய்வு இதன் வலையில் சிக்காது.

இவற்றுக்கு மேல் வானிலைத் திருத்தமும் உண்டு. சூடான, அடர்த்தி குறைந்த காற்றில் எஞ்சினின் திறன் குறையும் என்பதால், எல்லா அளவையும் ஒரு பொது வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் மாற்றி எழுதுகிறார்கள். எஸ்.ஏ.ஈ. அமைப்பின் ஜே1349 முறை 25 பாகையை அடிப்படையாகக் கொள்கிறது. குளிர்ந்த, அடர்ந்த காற்றை அடிப்படையாகக் கொண்ட பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால், அதே ஓட்டத்துக்குச் சுமார் 4 சதவீதம் கூடுதலாக அச்சாகும். நாம் தேடும் உண்மையான இழப்பே 7 சதவீதம்தான்; அதில் பாதிக்கு மேல் ஒரு பொத்தானின் தேர்வில் வந்து போகிறது.

ரோலர் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஒரே காரை, ஒரே ரோலரில், ஒரே கியரில், ஒரே டயர் அழுத்தத்தில், எண்ணெய் சூடேறிய பிறகு, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தால் அந்த வேறுபாடு நம்பத்தக்கது. ஒப்பிட அது நல்ல கருவி. அதை எஞ்சினின் பிறப்புச் சான்றிதழாக்கும்போதுதான் தவறு நேர்கிறது.

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே சொல்

ஆட்டோமேட்டிக்குக்கு 20 என்பதும் இதே போன்ற சுருக்கம். பழைய ஆட்டோமேட்டிக்குகளில் கிளட்சுக்குப் பதில் டார்க் கன்வர்ட்டர். 1905-இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்காக உருவாக்கிய கருத்திலிருந்து வந்தது அது. ஒரு விசிறி எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் இன்னொரு விசிறியைச் சுழற்றுகிறது. இரண்டின் வேகத்துக்கும் இடைவெளி இருக்கும்வரை திறன் சூடாகிக்கொண்டிருக்கும். பிரேக்கை மிதித்தபடி ‘டி’யில் நிற்கும்போது கன்வர்ட்டருக்குள் போகும் திறன் முழுவதும் எண்ணெயைச் சூடாக்குவதில் முடிகிறது. 1949-இல் பேக்கார்ட் நிறுவனம், வேகம் கூடியதும் இரண்டையும் நேராகப் பூட்டிவிடும் கிளட்சோடு தன் ஆட்டோமேட்டிக்கை வெளியிட்டது. இன்றைய கார்களின் கன்வர்ட்டர்களில் பெரும்பாலானவற்றில் இப்பூட்டு உண்டு; பூட்டிய பிறகும் நிலையாக மிஞ்சும் இழப்புகளில் ஒன்று எண்ணெய் பம்பை ஓட்டுவது. பற்சக்கரங்களுக்குப் பதில் பெல்ட் வழியே திறனைக் கடத்தும் சி.வி.டி. வகையில், அந்தப் பெல்ட்டைக் கவ்வும் அழுத்தத்துக்கே பம்ப் ஓயாமல் உழைக்க வேண்டும்.

2014-இல் செலெரியோவோடு மாருதி இந்தியாவில் அறிமுகப்படுத்திய ஏ.எம்.டி.யோ உள்ளே சாதாரண கையியக்க கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதும் கியர் மாற்றுவதும் மட்டும் மனிதனின் வேலையாக இல்லை. அதன் பற்களுக்கு அது ஆட்டோமேட்டிக் என்பது தெரியாது. மின்சாரக் காரிலோ பெரும்பாலும் ஒரே ஒரு நிலையான இறக்க கியர்தான். இவை நான்கையும் ஒரே சதவீதத்தில் அடைப்பது எப்படி முறையாகும்?

அன்றாடத்தின் இழப்பு

பந்தயக்காரர்களும் எஞ்சினை மாற்றியமைப்பவர்களும் முழுத் திறனைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். பெரும்பாலான கார்கள் தங்கள் வாழ்நாளின் மிகச் சிறு பகுதியில்தான் அந்த நிலையை எட்டுகின்றன. 2012-இல் ஃபின்லாந்தின் கென்னெத் ஹோல்ம்பெர்க், பீட்டர் ஆண்டர்சன், அமெரிக்காவின் அலி எர்டெமிர் ஆகியோர் உலகின் பயணிகள் கார்களில் உராய்வு எவ்வளவு எரிபொருளைத் தின்கிறது என்று கணக்கிட்டு வெளியிட்டார்கள். சராசரி ஓட்டத்தில் எரிபொருள் ஆற்றலின் 100 பங்கில் 33 புகையோடும் 29 குளிர்விப்பிலும் போகிறது. இயந்திரத் திறனாக மாறும் 38-இல் எஞ்சினின் சொந்த உராய்வு 11.5-ஐ எடுத்துக்கொள்கிறது. கடத்தமைப்பு 5. காரை நகர்த்தக் கிடைப்பது 21.5.

இதை நம் கேள்வியின் வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். எஞ்சினை விட்டு வெளியே வந்தது 26.5, அதில் கடத்தமைப்பு எடுத்துக்கொண்டது 5. ஏறத்தாழ 19 சதவீதம்! முழு வீச்சில் 7 அளவில் இருக்கும் இழப்பு, அன்றாட ஓட்டத்தில் அதன் இரண்டரை மடங்குக்கும் மேல் போகிறது. குறைந்த சுமையில், பாதி சூடேறிய எண்ணெயில், நின்று நின்று நகரும் வண்டியில் கடைதலும் தேய்தலும் அப்படியே இருக்கின்றன. கடத்தும் திறன் மட்டும் சுருங்கிவிடுகிறது. மெல்லிய எண்ணெய், தடை குறைந்த பேரிங், குறைந்த எண்ணெய் மட்டம் ஆகியவற்றில் நிறுவனங்கள் முதலிடுவதன் காரணம் இங்கே இருக்கிறது. கையேட்டின் உச்ச எண்ணில் இவை எதுவும் தெரியாது. பெட்ரோல் பங்கில் தெரியும்.

நீண்ட தூரம் ஓட்டி வந்த லாரி டிரைவர் சாலையோரம் வண்டியை நிறுத்தியதும் கீழே இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஒன்று மற்றவற்றைவிடச் சுட்டால், அந்தப் பேரிங்கிலோ பிரேக்கிலோ கோளாறு இருக்கிறது என்று அறிந்துகொள்வார். அவர் சதவீதம் எதுவும் கணக்கிடுவதில்லை. திறன் எங்கே வீணானாலும் அந்த இடத்தில் சூடு இருக்கும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு, எல்லா ஹப்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார். ஒரு காரின் கடத்தமைப்பைப் பற்றி நாம் கேட்கும் கேள்விக்கும் அதே ஒழுங்கு வேண்டும். எவ்வளவு இழக்கிறது என்று மட்டும் கேட்காமல், எங்கே, எந்தச் சுமையில், எவ்வளவு சூட்டில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.